நீராடும் நாளும் நீந்தும் கலையும்

பாடசாலை விடுமுறைக் காலத்து ஞாயிறு காலை. கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடுகின்ற கொடிகாமம் சந்தியிலே ஒரு வான் வந்து நிற்கிறது. உள்ளே இரண்டு குடும்பங்கள். புளிச்சாதப் பொதிகள், தண்ணீர்ப் போத்தல்கள், மாற்றுடைகள், துவாய்கள் என்று ஆசனங்களின் கீழெல்லாம் மூட்டைகள். சிறுவர்களின் ஆரவாரமோ சந்தையின் இரைச்சலையும் விஞ்சி நிற்கிறது. பயணம் எங்கே என்று கேட்டால், "இயக்கச்சிக்கு" என்று ஒரே குரலில் விடை வருகிறது.

"அம்மம்மா, நீங்களும் தண்ணிக்குள்ளை இறங்குவியளோ?" என்று பேத்தி வினவுகிறாள்.

"ஏன் மோனை, கீரிமலைக் கேணியிலை நான் குளிக்காத குளிப்போ?" என்று கிழவி நகைக்கிறாள்.

இக்காட்சி இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆயின், மிருசுவில், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை என்று செல்லும் இவ்வழி, 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முகமாலையிலே மூடப்பட்டது. அந்நாளில் கொடிகாமத்துக் குடும்பம் ஒன்றுக்கு இயக்கச்சி கடல் கடந்த நாட்டினும் தொலைவாயிருந்தது. போர் 2009 இல் முடிந்த பின்னரும் கண்ணிவெடி அபாயத்தை உணர்த்தும் மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்தவாறே நாம் அவ்வழியைக் கடந்தோம். அதே வழியில் இன்று நம் குழந்தைகள் பாடிக்கொண்டு செல்கின்றனர். பண்ணையும் பொழுதுபோக்கிடமும் ஒன்றாய் அமைந்த இயக்கச்சி றீச்சாவுக்கு அவர்கள் செல்வதை வெறும் வீண் செலவு என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. இழந்த பின் மீண்டும் பெற்ற இன்பம் அது.

நீர் விளையாட்டு நமக்குப் புதியதுமன்று. வையையில் புதுப்புனல் வந்த நாளில் மதுரை மாந்தர் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஆறில்லாத நம் குடாநாட்டிலோ, சுண்ணக்கற் பாறையூடாக ஊறி வந்து கடலோரத்திலே நன்னீராய்ச் சுரக்கும் கீரிமலை ஊற்று, தீர்த்தமாகவும் குடும்பங்கள் கூடிக் களிக்கும் இடமாகவும் விளங்கிவருகின்றது. குதிரை முகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையை நம் சிறார் முதலிற் கேட்பதும் பெரும்பாலும் அக்கேணிப் படிகளில் இருந்துதான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. உலகில் இன்றும் இயங்கிவரும் கேளிக்கைப் பூங்காக்களுள் மிகப் பழையது எனப்படுவது டென்மார்க் நாட்டின் பாக்கென். கோப்பன்ஹேகன் நகருக்கு வடக்கே ஒரு காட்டில் 1583 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஊற்றை நாடி மக்கள் திரண்டனர், மக்களை நாடிக் கூத்தரும் வணிகரும் வந்தனர், பூங்கா பிறந்தது. கீரிமலையைப் போன்றே அங்கும் யாவும் ஊற்றிலிருந்தே தொடங்கின. பின்னர் 1843 இல் அந்நகரிலேயே டிவோலியும், 1955 இல் அமெரிக்காவிலே டிஸ்னிலாந்தும் தோன்றின. நீர் விளையாட்டுக்கென்றே அமைந்த பூங்காக்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது 1977 இல் ஒர்லாண்டோ நகரில் திறக்கப்பட்ட வெட் அன் வைல்ட் ஆகும். இன்று தமிழகத்தில் நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டரும், நம் நாட்டிலே பண்டாரகமையில் பேர்ல் பேயும் அவ்வழியில் வந்தவையே.

இத்தகைய பூங்காக்களில் உள்ள நீர்ச்சறுக்கு, மாணவர்களுக்கு ஒரு பௌதிக பாடமுமாகும். படியேறி உச்சிக்குச் செல்லும் சிறுவன் தன் உடலில் நிலைச் சக்தியைச் சேமிக்கிறான். சறுக்கும்போது அது இயக்கச் சக்தியாக மாறுகிறது. சறுக்கின்மேல் ஓடும் மெல்லிய நீர்ப்படலம் உராய்வைக் குறைக்கிறது. அடியிலுள்ள தடாகத்து நீர் அவன் வேகத்தைத் தணித்து ஏந்திக்கொள்கிறது. முன்னவன் தடாகத்தை விட்டு அகலுமுன் பின்னவனை இறங்கவிடாது காவலர் தடுப்பதன் காரணம் இப்போது விளங்குமன்றோ? வேகத்தோடு வருபவன் நினைத்த இடத்தில் நிற்க இயலாது.

இனி, கூற விரும்பிய செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தென்னிலங்கையில் ஒரு நீச்சல் தடாகத்திற்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். எந்த இடம் என்பது இங்கு வேண்டுவதன்று, பிழை என்னுடையதே. கரையில் அமர்ந்து, சற்று முன் எடுத்த படங்களைக் கைத்தொலைபேசியிற் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, முன்பின் அறியாத ஒரு தாய் என் மகளை நீரிலிருந்து தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். குழந்தை ஆழம் மிகுந்த பக்கமாகக் கால் வழுவிச் சென்றிருக்கிறாள். நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். ஒரு கூக்குரலும் என் செவியில் விழவில்லை.

விழாததற்குக் காரணம் உண்டு. நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்று நாம் திரைப்படங்களில் கண்டு நம்பியிருக்கிறோம். உண்மையிலோ, மூச்சுக்குத் தவிப்பவருக்குக் கூவ மூச்சு ஏது? பெரும்பாலும் அது ஓசையின்றி, மிகச் சொற்ப நேரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபை யூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

ஆகவே, குடும்பமாகச் செல்வோர் ஒரு நியதியைக் கைக்கொள்ளுதல் நன்று. பெரியோர் பலர் இருக்குமிடத்தில், 'மற்றவர் பார்ப்பார்' என்று எல்லோரும் எண்ணி ஒருவரும் பாராதிருப்பதே வழமை. இன்ன அரைமணி நேரம் மாமாவின் காவல், அடுத்த அரைமணி நேரம் சித்தியின் காவல் என்று முறை வகுத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர் கைத்தொலைபேசியைத் தொடலாகாது. நீந்தத் தெரியாத சிறு குழந்தை எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றூதிய வளையத்தை நம்பிக் குழந்தையைத் தனியே விடலாகாது. அது விளையாட்டுப் பொருளேயன்றி உயிர்காக்கும் சாதனமன்று. தடாகத்தில் இறங்குமுன் உடலைக் கழுவிக்கொள்வதும் கடமை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள்களே கண்ணெரிவுக்குப் பெரிதும் காரணம்.

எனினும், காவல் மாத்திரம் போதாது. வகுப்பிலே ஒருநாள், "நீந்தத் தெரிந்தவர் கையுயர்த்துங்கள்" என்றேன். மிகச் சில கைகளே உயர்ந்தன. கடல் சூழ்ந்த குடாநாட்டின் பிள்ளைகள் இவர்கள்! நம் பாட்டன்மார் ஊர்க்குளத்திலும் கோயிற் கேணியிலும் வாழைக்குற்றியைத் தழுவிக்கொண்டு நீந்தப் பழகினர். கற்பித்தவர் அண்ணனோ மாமனோ அயலவரோதான். இடப்பெயர்வுகளும் தனியார் வகுப்புகளும் அப்பழக்கத்தை அறுத்துவிட்டன. ஆயினும் கடல் அகலவில்லை. அலையடங்கிய கசூரினாவில் நின்று பழகியவன், மணற்காட்டின் திறந்த கடலையும் அவ்வாறே எண்ணி இறங்கிவிடுகிறான்.

வங்காள தேசத்திலே கிராமக் குளங்களில் மூங்கிலால் மேடை கட்டி, அதற்குள் சிறுவர்க்கு நீச்சல் கற்பிக்கின்றனர். பளிங்குத் தடாகம் வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நமக்கும் குளங்கள் உண்டு. மாரியில் அவை நிறைகின்றன. பழக்குவதற்குத் தேர்ந்த ஒருவரும், பாடசாலையின் ஊக்கமும், பெற்றோரின் இசைவும் கூடினால் தென்மராட்சியிலும் இது இயலாததன்று. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் இக்கலை வேண்டும். நீருக்கு ஆண் பெண் பேதம் தெரியாது.

மாலையில் வான் திரும்பிவிட்டது. உலராத தலையோடு பேத்தி அம்மம்மாவின் மடியில் துயில்கிறாள். இன்று அவள் நீரிலே மகிழக் கற்றாள். அடுத்த விடுமுறைக்குள் நீந்தவும் கற்றுக்கொள்வாளாயின், அந்த நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் பன்மடங்காய்ப் பயன் தந்ததாகும்.