சொல்லக் கூசும் கட்டி

1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பேச்சும் பெண்ணெடுப்பும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை. கியூலெக்ஸ் கொசுவும் பார்ப்பதில்லை. சாக்கடையில் பெருகும் இந்தக் கொசு பரப்பும் யானைக்கால் புழு, ஆண்களின் விதைப்பையில் நீர் கோக்கவும் வைக்கும். உலகில் சுமார் 2.5 கோடி ஆண்கள் இப்படிப்பட்ட விரைவீக்கத்தோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

அரசு கொடுக்கும் மாத்திரை புழுவின் குஞ்சுகளைக் கொல்லும். கோத்த நீரை வற்ற வைக்காது. ஊசி போட்டு உறிஞ்சினால் மீண்டும் ஊறும். அறுவைதான் வழி. கோவணத்தை இறுக்கிக் கட்டி மறைத்தால் வருஷங்கள் போகுமே தவிர வீக்கம் போகாது.

ஆனால் எல்லாக் கட்டிக்கும் கொசுவைப் பழிக்க முடியாது.

இளைஞர்களை நள்ளிரவில் செல்போனைத் துழாவ வைப்பவை பெரும்பாலும் நோயே அல்ல. குறித்தோலில் தெரியும் வெளிர்மஞ்சள் பொட்டுகள் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். 1896-ல் அவற்றை விவரித்த ஃபோர்டைஸ் என்ற மருத்துவரின் பெயரால் வழங்குகின்றன. மொட்டின் விளிம்பில் வரிசைகட்டும் முத்துமுத்தான பொடிப்புகளும் இயல்பானவையே. பிதுக்கிப் புண்ணாக்குவதுதான் வம்பு. கொத்தாகப் பெருகும் மரு, ஆறாத புண் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

விதைப்பைக்குள் இடப்பக்கம் புழுக்கூட்டம்போல் தட்டுப்பட்டு, படுத்தால் அடங்குவது பெரும்பாலும் ரத்தநாளப் புடைப்பு. நூறு ஆண்களில் ஏறத்தாழ 15 பேருக்கு இது உண்டு. இருமினால் புடைப்பது குடலிறக்கமாக இருக்கலாம். அது உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அவசரம். அறையை இருட்டாக்கி மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பார்: நீர் என்றால் வீக்கம் சிவந்து ஒளிரும், திடக்கட்டி இருண்டே நிற்கும். சந்தேகத்தை ஸ்கேன் தீர்த்துவைக்கும்.

அஞ்ச வேண்டியது விதையிலேயே, வலியில்லாமல், கல்லாக இருக்கும் கட்டிக்கு. விதைப் புற்று இந்தியாவில் அரிது. வந்தால் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வரும். 1974-ல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, பரவிய நிலையில்கூட பெரும்பாலானோர் குணமாகிறார்கள். இதே குடும்பத்துக் கட்டி நெஞ்சில் வந்த கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங், ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்று 2012 செப்டம்பரில் மீண்டும் இந்திய அணிக்கு ஆடினார். இத்தகைய கட்டியை விதைப்பை வழியே குத்திச் சோதிக்கக் கூடாது. அடிவயிற்று மடிப்பு வழியாகத்தான் விதையை எடுப்பார்கள்.

திடீரெனத் துடிக்கும் வலியோடு விதை வீங்கினால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரமே உண்டு. திருவனந்தபுரம் போக விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

அவசரமில்லாதவர்களுக்கு நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி. போதும். அங்கே தெரிந்த முகம் இருக்குமே என்று கூசுபவர், களியக்காவிளையில் பஸ் மாறி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.