நாளுக்கு ஆறு சித்திரங்கள்



தாளில் தீட்டிய உருவம் திரையில் நடப்பதற்கு அடிப்படை ஓர் எளிய உண்மைதான். சற்றே வேறுபட்ட சித்திரங்கள் விரைவாக அடுத்தடுத்துத் தோன்றினால், நம் மூளை அவற்றை ஓர் அசைவாகவே கொள்கிறது. திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படம் பிடித்தால் 12 சித்திரங்கள் போதும். எனவே ஒரு நிமிடத்திற்கு 720. பதினைந்து நிமிடங்களுக்கு 10,800. நாள்தோறும் ஆறு சித்திரம் வரைபவருக்கு அது 1,800 நாள் வேலை, ஏறக்குறைய ஐந்தாண்டு!

பெரிய படக்கூடங்களில் இவ்வேலையைப் பலர் பகிர்ந்துகொள்வர். ஆயினும், தம் உள்ளத்துக் கதைக்காகத் தனியே இதனை மேற்கொள்வோரும் உளர். மும்பை ஓவியர் கீதாஞ்சலி ராவ், 'பிரின்டெட் ரெயின்போ' என்னும் பதினைந்து நிமிடப் படத்தைத் தம் கையாலேயே தீட்டினார். தனித்து வாழும் ஒரு மூதாட்டி, அவளுடைய பூனை, அவள் சேர்த்துவைத்த தீப்பெட்டிப் படங்கள், இவையே கதை. 2006-இல் கான் திரைப்பட விழாவில் அது பரிசுகள் பெற்றது. ரஷிய ஓவியர் அலெக்சாந்தர் பெத்ரோவ், ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையைக் கண்ணாடிமேல் எண்ணெய் வண்ணத்தால், பெரும்பாலும் விரல் நுனிகொண்டே தீட்டினார். ஒரு சித்திரத்தைப் படம் பிடித்ததும் அதையே மாற்றி அடுத்ததை அமைப்பார். இவ்வாறு 29,000-க்கும் மேற்பட்ட சித்திரங்கள்! 2000-ஆம் ஆண்டில் அப்படத்திற்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

இத்தனை உழைப்பால் விளைவது யாது? கூர்ந்து நோக்கும் கண். நம் சென்னை வானொலி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நொச்சிக்குப்பம் உள்ளது. அங்கே முதியவர் ஒருவர் வலை இழுப்பதைப் பாருங்கள். முதலில் அசைவது கையா, இடுப்பா, மணலில் ஊன்றும் காலா? ஒளிப்படக் கருவி இக்கேள்வியைக் கேளாமலே காட்சியைப் பதிந்துகொள்ளும். வரைபவனோ விடை காணாமல் ஒரு கோடும் இழுக்க இயலாது.

முன்பு கட்டுமரங்கள் நிறைந்திருந்த அக்கரையில் இன்று இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மரங்களைக் கயிற்றால் பிணைக்கக் கற்ற கைகள் முதுமை எய்திவிட்டன. அக்கைகளின் அசைவை அறிந்தவர் இருக்கும்போதே அதனைக் கண்டு வரைதல் வேண்டும். ஆகவே, மெல்ல நடைபெறும் இக்கலைக்கும் காலக்கெடு உண்டு.

தொடங்கிய படம் முடியாமற் போவதும் உண்டு. யூரி நார்ஷ்தெய்ன் என்னும் ரஷிய மேதை, கோகலின் 'மேலங்கி' கதையை 1981-இல் படமாக்கத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் கழிந்தும் அது முற்றுப்பெறவில்லை. மேதைக்கே இந்நிலை எனில், புதிதாகத் தொடங்குவோர் அளவறிந்து தொடங்குதல் நன்று.

இரண்டு நிமிடக் கதை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதனை முதலில் சிறு கட்டங்களில் வரைந்து, ஒவ்வொரு காட்சியும் எத்தனை விநாடி என வரையறுங்கள். தாள்கள் நகராதிருக்க, துளையிட்டு முளைகளில் பொருத்துங்கள். தவறாமல் எண் இடுங்கள். அசையாத தாங்கியில் வைத்த கைப்பேசியே படம் பிடிக்கப் போதும். காட்சி ஒன்று முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள். குறை அப்போதே தெரியும். மொத்தம் 1,440 சித்திரங்கள். நாளுக்கு ஆறு என்றால் 240 நாட்கள். ஒரு பள்ளியாண்டு தொடங்கி அடுத்தது பிறக்குமுன், அந்த முதியவர் உங்கள் திரையில் வலை இழுத்துக்கொண்டிருப்பார்.