சுண்டா மலைக்கிராமத்தில் நிலம் வாங்கலாமா?

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பியிருந்தார். படிப்படியாக இறங்கும் நெல்வயல், ஓரத்தில் ஒரு மீன் குட்டை, பின்னால் மேகம் மூடிய எரிமலை. கீழே ஒரு கேள்வி: "இந்தோனேசியால காருட் பக்கம் ஒரு மலைக்கிராமம். 200 தும்பாக் நிலம் விலைக்கு வருது. வெளிநாட்டுக்காரங்க பேர்ல வாங்க முடியாதாம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் பேர்ல வாங்கிக்கலாம், பத்திரம் நம்ம கையில இருக்கும்னு சொல்றாங்க. ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம்னு பாக்கறேன். நீ அங்கெல்லாம் சுத்தினவன், என்ன சொல்ற?"

"வேண்டாம்" என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். அந்த 'ஏன்' கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கும் சில நாள் தங்க நினைப்பவர்களுக்கும்கூட உதவலாம்.

தும்பாக் என்பது அந்தப் பக்கத்து நில அளவு. ஒரு தும்பாக் சுமார் 14 சதுர மீட்டர். 200 தும்பாக் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 70 சென்ட். நமக்கு இது ஒரு தோட்டம். அங்கே ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தே இவ்வளவுதான் இருக்கும்.

தண்ணீர் இறங்கும் வழி

ஜாவா தீவின் மேற்குப் பகுதியில் வாழ்பவர்கள் சுண்டா மக்கள். ஜாவானியர்களுக்கு அடுத்து இந்தோனேசியாவின் இரண்டாவது பெரிய இனம். மொழி தனி. அவர்களுடைய மலைநாட்டுக்குப் பிரியாங்கான் என்று பெயர். நடுவில் பாண்டுங் நகரம், சுற்றிலும் எரிமலைகள்: தங்குபான் பெராஹு, பாபாண்டாயான், குந்தூர், கலுங்குங். இந்தக் கலுங்குங் 1982இல் கக்கிய சாம்பலுக்குள் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நாலு எஞ்சினும் நின்றுபோய், பிறகு ஒருவழியாகத் திரும்ப ஓடி, ஜகார்த்தாவில் இறங்கிய கதையைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தச் சாம்பல்தான் காலப்போக்கில் மண்ணுக்கு உரமும் ஆகிறது.

அந்தப் பக்கம் ஊர்ப் பெயர்களில் ஏராளமானவை 'சி' என்றுதான் தொடங்கும். சியாஞ்சூர், சிமாஹி, சிவிடெய். சுண்டா மொழியில் 'சாய்' என்றால் தண்ணீர். அதன் சுருக்கம்தான் இந்த 'சி'. ஊரைப் புரிந்துகொள்ள இது ஒரு நல்ல சாவி. மேலே ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் முதல் படி வயலை நிரப்பி, வரப்பு வாய் வழியாக அடுத்த படிக்கு இறங்கும். வழியில் வீட்டு முன்னால் இருக்கும் 'பாலோங்' எனும் மீன் குட்டைக்குள் போய் வெளியே வந்து, கீழே இருக்கிறவர் வயலுக்குப் போகும். பல ஊர்களில் தண்ணீர் பங்கிட்டு விடுவதற்கென்றே ஒருவர் பொறுப்பில் இருப்பார்.

அப்படியென்றால் என் வயலில் நான் செய்வது எதுவும் என்னோடு நிற்காது. மேல் படியில் ஒருவர் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கட்டிடம் எழுப்பினால், கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் வரும் வழி மாறிவிடும். நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தது மேல் படி.

நிலம் ஏன் இவ்வளவு துண்டாக இருக்கிறது

மலைச்சரிவு பச்சையாகப் பரந்து கிடப்பதைப் பார்த்தால் நிலத்துக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஊருக்கு மேலே இருக்கும் காட்டில் பெரும்பகுதி அரசுடையது, பெர்ஹுத்தானி என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில். தேயிலை விளையும் இடங்களில் பெரிய பெரிய சரிவுகள் தோட்ட நிறுவனங்களின் கையில். மிச்சம் இருப்பதில்தான் ஊர்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிரியாங்கான் மக்களைக் காபி பயிரிட வைத்தது. உள்ளூர்ப் பிரபுக்கள் மூலம் கட்டாயமாக வாங்கிய காபி. ஜாவாவின் மற்ற இடங்களில் கட்டாயப் பயிர் முறை வந்தது 1830இல்தான். இங்கே அதற்கு நூறு வருஷம் முன்பே ஆரம்பித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இழுத்தது. 1870இல் வந்த நிலச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு 75 வருஷக் குத்தகைக்கு நிலம் கொடுக்க வழி செய்தது. தேயிலைத் தோட்டங்கள் மலையேறியது அதற்குப் பிறகு.

1920களில் பாண்டுங்கில் மாணவராக இருந்த சுகர்னோ, ஊருக்குத் தெற்கே மார்ஹேன் என்ற விவசாயியைச் சந்தித்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் உழுத நிலம் அவருடையது, மண்வெட்டி அவருடையது, குடிசை அவருடையது. கூலிக்கு யாரிடமும் போகவில்லை. ஆனாலும் வயிறு நிறையவில்லை. காரணம், நிலம் அவ்வளவு சின்னது. அந்த மனிதர் பெயரிலேயே 'மார்ஹேனியம்' என்று தன் அரசியல் கொள்கைக்கே பெயர் வைத்தார் சுகர்னோ. இன்றும் அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவரை இந்தோனேசியாவில் 'குரெம்' விவசாயி என்பார்கள். குரெம் என்றால் கோழிப்பேன்.

அப்படிப்பட்ட ஊரில்தான் நாம் 200 தும்பாக் கேட்டுப் போய் நிற்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். முழு உரிமைக்கு 'ஹக் மிலிக்' என்று பெயர். அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வாரிசாக ஒரு வெளிநாட்டவருக்கு வந்து சேர்ந்தாலும் ஒரு வருஷத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும்.

நண்பர் சொன்ன 'வேறொருவர் பேரில்' வழியையும் அந்தச் சட்டம் அப்போதே யோசித்துவிட்டது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக்கை மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்கிறது 26ஆம் பிரிவு. ஆக, பத்திரம் நம் பெட்டியில் இருப்பதால் ஒரு பயனும் இல்லை. பேர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால் நிலம் அவர் பிள்ளைகளுக்குப் பாகமாகப் பிரியும். அவர்களோடு நமக்கு என்ன ஒப்பந்தம்?

இதைவிடச் சுவாரஸ்யமான விதி ஒன்று பலருக்குத் தெரியாது. விவசாய நிலம் வைத்திருப்பவர் அந்த நிலம் இருக்கும் வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று 1961இல் ஓர் அரசாணை வந்தது. சில விலக்குகள் உண்டு, மீறல்களும் நிறைய. ஆனாலும் விதி விதிதான். ஜகார்த்தாவில் உட்கார்ந்துகொண்டு மலையில் வயல் வாங்குவது ஜகார்த்தாக்காரருக்கே தடை. 2009இல் வந்த 41ஆம் எண் சட்டப்படி, உணவு விளையும் நிலமென்று அறிவிக்கப்பட்ட வயலை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் கூடாது.

காகிதங்களிலும் ஒரு சிக்கல். கிராமங்களில் 'கிரிக்', 'லெட்டர் சி' என்று பழைய ஆவணங்களைக் காட்டுவார்கள். அவை வரிப் பதிவுகள். நம் ஊர் தீர்வை ரசீது மாதிரி. நில அலுவலகம் தரும் 'செர்த்திஃபிகாட்' வேறு, இது வேறு. சில இடங்களில் விலை ரொம்ப மலிவாக இருந்தால், அது அரசு நிலத்தில் உழுதுகொண்டிருப்பவர் தன் உழவு இடத்தைக் கைமாற்றுவதாகக்கூட இருக்கலாம். அங்கே உரிமை என்று எதுவும் கைமாறுவதில்லை.

நேர்வழி இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் குறுகலானது. அந்நாட்டில் முறைப்படி குடியிருக்கும் வெளிநாட்டவர் 'ஹக் பாக்காய்' எனும் பயன்பாட்டு உரிமையோ, கட்டிடத்துக்கான வாடகை உரிமையோ பெறலாம். தொழில் தொடங்க வேண்டுமானால் வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். அதற்கு நிலமும் கட்டிடமும் நீங்கலாக 1,000 கோடி ருபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் ரூபாயில் 5 கோடிக்கு மேல். ரெண்டு ரூம் கட்டுகிற கணக்குக்கு இது ஒத்துவராது. சின்னத் தொழில்கள் உள்ளூர்க்காரர்களுக்கு இருக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஊர்க்காரர்கள் எதில் பணம் போடுகிறார்கள்

காருட் செம்மறிக்குப் பேர்போன ஊர். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர் பெட்டை ஆடு வாங்கி, புல் அறுத்துப்போட ஆள் இருக்கும் வீட்டில் விடுவார். குட்டிகளைச் சரிபாதி பிரித்துக்கொள்வார்கள். 'மாரோ' என்று பெயர். நம் ஊரில் வாரத்துக்கு விடுவது அப்படியே இதுதான். வயலிலும் மாரோ உண்டு.

அடுத்தது 'காடாய்'. நம் ஒத்தி. அவசரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வயலைக் கொடுத்துவிடுவது, பணம் திரும்பும் வரை விளைச்சல் பணம் கொடுத்தவருக்கு. பணக்காரர் கையில் வயல் போய்ச் சேரும் வழி பெரும்பாலும் இதுதான். 1960இலேயே இதற்கும் ஒரு கடிவாளம் போட்டார்கள்: ஏழு வருஷம் ஒத்தியில் இருந்த வயலை, பணம் எதுவும் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏழு வருஷ விளைச்சலே கடனை அடைத்துவிட்டது என்ற கணக்கு.

இன்னொரு கோடியில் சுக்காபூமி மலைகளில் சிப்தாகெலார் என்ற ஊர்ச் சமூகம் இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு ஒரு போகம்தான். அரிசியை விற்கக் கூடாது. 'லெயுயிட்' எனும் குதிர்களில் சேர்த்து வைப்பார்கள். பழமைவாதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், சொந்தமாக டிவி நிலையம் வைத்திருக்கிறார்கள். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கறார்.

போவதும் தங்குவதும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் 30 நாள் விசா கிடைக்கும், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். அதில் வேலை பார்க்க முடியாது. ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு 2023 அக்டோபர் முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. ஆனால் மலையைப் பார்க்க வேண்டுமானால் பழைய ரயிலில் போங்கள், மூன்று மணி நேரம். காருட் வரைக்கும் 1983இல் நின்றுபோன ரயில் 2022இல் திரும்ப வந்துவிட்டது. அதற்கு மேல் 'அங்கோட்' எனும் ஷேர் வேன், கடைசியில் 'ஓஜெக்' எனும் பைக் டாக்ஸி. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. மழைக்காலத்தில் மண்சரிவு சகஜம்.

காருட்டிலிருந்து தாசிக்மலாயா போகும் சாலையோரம் கம்போங் நாகா இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். பனைநார்க் கூரை வீடுகள், மின்சாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஊர். கூரை தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம், வீட்டுக்கு வீடு ஏற்றத்தாழ்வு வந்துவிடும் என்பது இன்னொன்று.

பழைய சுண்டா வீடு கல்லின் மேல் தூக்கி நிறுத்திய மர வீடு, மூங்கில் பாய்ச் சுவர். வசதி வந்ததும் எல்லோரும் செங்கல்லுக்கு மாறினார்கள். 2022 நவம்பர் 21 அன்று சியாஞ்சூரில் நிலம் நடுங்கியது. ரிக்டர் 5.6தான், ஆனால் ஆழம் குறைவு. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பலரைக் கொன்றது கம்பி சரியாகப் போடாத செங்கல் சுவர். தங்குமிடம் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

யார் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் 'ஆர்.டி.' எனும் தெருத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். யாரையாவது கடந்து போனால் லேசாகக் குனிந்து "புந்தேன்" என்று சொல்லுங்கள், "மங்கா" என்று பதில் வரும். பெரியவர்களிடம் பேச மரியாதை மொழி தனியாக உண்டு. தப்பாகப் பேசினாலும் சிரித்துக்கொள்வார்கள், பேசாமல் போனால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சில ஊர்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும். தினமும் ஒரு பிடி அரிசி அதில் போடுவார்கள். இரவுக் காவலுக்கு வருகிறவர் சேகரித்துப் போய், இல்லாத வீட்டுக்குக் கொடுப்பார். 'பெயாஸ் பெரெலெக்' என்று பெயர். அரிசி டப்பாவில் விழும் சத்தம்தான் அந்தப் பெரெலெக்.

இதையெல்லாம் எழுதி நண்பருக்கு அனுப்பினேன். "அப்போ அந்த ஊருக்கு என் பணம் வேண்டவே வேண்டாமா?" என்று கேட்டார். அப்படியில்லை. ஒரு மாத வாடகை, சமைத்துப் போடுகிற அக்காவுக்குக் கூலி, மலையேறக் கூட வருகிறவருக்குச் சம்பளம், நேரடியாக வாங்கும் காபிக்கொட்டை, இவை எல்லாமே பணம்தான். யார் வயலும் கைமாறாது.

படத்தில் இருந்த வயல் யாருடையது, ஏன் விற்கிறார் என்று கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை என்றார். ஜூனில் போகிறார், முப்பது நாள் விசாவில். முதலில் அதைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.