இடத்தைவிட வேகத்தைத் துல்லியமாகச் சொல்லும் ஜி.பி.எஸ்.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் தம் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் ரேடியோ அலைகளில் ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன; அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தொலைவை அறியும் கைப்பேசி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவுகளைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் குறிக்க மூன்று அளவுகளே போதும் என்றாலும், கைப்பேசியிலுள்ள எளிய கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டறிய வேண்டியிருப்பதால் நான்காவது தேவைப்படுகிறது. நேரக்கணக்கில் ஒரு மைக்ரோவினாடி, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிசகிவிடும் என்னும்போது, திறந்தவெளியில் சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுவது பெரும் சாதனையே ஆகும்.

எஞ்சும் பிழையில் கணிசமான பங்கு, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற வளிமண்டல மேலடுக்காகிய அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துவதால் வருகிறது. நகரத் தெருக்களிலோ, சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் அதனினும் பெரிய தொல்லை. செயற்கைக்கோள்கள் யாவும் தொடுவானத்துக்கு மேலேயே இருப்பதால், உயரக் கணக்கு கிடைநிலைக் கணக்கைவிட எப்போதும் சற்று மட்டம்தான். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசே வேண்டுமென்று பிழை கலந்து வந்ததால், பொதுமக்களுக்குக் கிடைத்த துல்லியம் 100 மீட்டர் அளவிலேயே நின்றிருந்தது.

இடமே சில மீட்டர் தவறும்போது வேகம் எப்படிச் சரியாக இருக்கும் என்னும் ஐயம் இயல்பானது. ஆனால் பெரும்பாலான கருவிகள் அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் கழித்து வேகத்தைக் காண்பதில்லை. நெருங்கும் ரயிலின் ஊதல் உச்சமாய் ஒலித்து, கடந்ததும் தணிவதற்குக் காரணமான டாப்ளர் விளைவையே அவை அளக்கின்றன: 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை எதிர்கொண்டு வினாடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் கூடும். செயற்கைக்கோளின் சொந்த வேகமான வினாடிக்கு 3.9 கி.மீ. மிக நுட்பமாகத் தெரிந்திருப்பதால் அதன் பங்கை நீக்கிவிடலாம். அயனி மண்டலம் பல மீட்டர் பிழை தந்தாலும் ஒரு வினாடிக்குள் அப்பிழை அநேகமாக மாறுவதில்லையாதலால், வேகக்கணக்கை அது பெரிதும் பாதிக்காது. நல்ல வானத்தெளிவில் மணிக்கு அரை கிலோமீட்டருக்கும் குறைந்த பிழையே மிஞ்சுகிறது.

காரின் வேகமானி, உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்னும் பல நாட்டு விதிகளுக்கேற்பச் சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைக்கப்படுகிறது. ஆகவே சீராக ஓடும் காரில் இரண்டும் வேறுபட்டால், பெரும்பாலும் கைப்பேசியின் எண்ணே மெய்க்கு நெருங்கியது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது மட்டும் இந்த முறைமை மாறுகிறது: கருவி அளவீடுகளைச் சராசரியாக்கிக் காட்டுவதால், திரையிலுள்ள எண் உண்மை வேகத்துக்குச் சற்றுப் பிந்தியே இறங்கும்.