எங்கள் வீட்டு ஜாஸ்

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பறைதான். மங்கலான விளக்கு, கோட்டு சூட்டு அணிந்த விருந்தினர்கள், ஓரத்தில் ஒரு பியானோ. எங்கள் வீட்டுக்கு ஜாஸ் வந்த வழி வேறு. 1986ஆம் ஆண்டு, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் மூன்று வெள்ளி கொடுத்து அப்பா அதை வாங்கி வந்தார். அதே பையில் துருப்பிடித்த ஸ்பேனர் ஒன்றும் இருந்தது.

அந்த இசைத்தட்டின் பெயர் 'டைம் அவுட்'. அமெரிக்க பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1959ல் வெளியிட்டது. புரூபெக் யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. நீல் ஃபுஜிட்டா வரைந்த வண்ண வண்ணமான அட்டைப்படம் பிடித்துப்போய் வாங்கியிருக்கிறார்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். சிறு வயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றவர். ஷிஃப்ட் வேலையில் சேர்ந்ததும் பாடம் நின்றுபோனது. உறை போட்ட மிருதங்கம் ஈசூன் வீட்டு அலமாரியின் மேல் ஏறியது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆள் குறைந்தால் மட்டும் கீழே இறங்கும்.

முதல் பக்கத்தின் மூன்றாவது பாடல் தொடங்கியபோது அப்பாவின் விரல்கள் சாப்பாட்டு மேசையில் தட்டத் தொடங்கின. அதுதான் 'டேக் ஃபைவ்'.

மூன்றும் இரண்டும்

நாம் கேட்கும் மேற்கத்திய பாடல்களில் பெரும்பாலானவை நான்கு நான்காக எண்ணக்கூடியவை. 'டேக் ஃபைவ்' ஐந்தில் நடக்கிறது. "தகிட தக, தகிட தக" என்று சொல்லிக்கொண்டே கேட்டால் குழந்தைக்கும் பிடிபட்டுவிடும்.

ஆனால், வாய்ப்பாட்டு கற்ற அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"கண்ட சாப்புன்னா தக தகிட. ரெண்டு, மூணு. நீங்க மாத்திப் போடுறீங்க."

"அவன் மூணு, ரெண்டுன்னுதானே வாசிக்கிறான்? பியானோவைக் கேளு."

இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் நடந்தது. நானும் தம்பியும் சோற்றைப் பிசைந்தபடி இரண்டு பக்கமும் தட்டிப் பார்ப்போம். தாளம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, அந்தச் சண்டையில்தான்.

பாடலின் நடுவில் சாக்ஸபோன் ஒதுங்கிக்கொள்ளும். டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ தனியாக வாசிப்பார். பியானோ மட்டும் அதே ஐந்தை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். "பியானோ தாளம் போடுது, டிரம்ஸ் தனி வாசிக்குது. நம்ம கச்சேரி மாதிரியே இல்ல?" என்பார் அப்பா. எந்த இசைப் புத்தகமும் எனக்கு ஜாஸை இவ்வளவு எளிதாக விளக்கியதில்லை.

அம்மா கண்டுபிடித்த ராகம்

1992ல் நான் சாதாரண நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி இசைக்குழுத் தோழி ஒருத்தி 'கைண்ட் ஆஃப் புளூ' ஒலிநாடாவை இரவல் கொடுத்தாள். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், 1959ல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் பதிவுசெய்த இசைத்தொகுப்பு. நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது உருவானது. சில மாதங்கள் கழித்து, ஜூலை 1ஆம் தேதி, அதே கூடத்தில்தான் 'டேக் ஃபைவ்' பதிவானது. அந்த இரண்டுக்கும் இடையே, ஜூன் 3ஆம் தேதி, சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது.

இரவு பதினொரு மணிக்கு மேல், ஒலியைக் குறைத்து, கணக்கு போட்டபடி கேட்பேன். மறுநாள் சம்பாலுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இது கரகரப்பிரியா மாதிரி இல்ல இருக்கு? கமகம்தான் இல்ல."

அந்தப் பாடல் 'ஸோ வாட்'. அம்மா சொன்னது சரிதான் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. அதன் அடிப்படை, மேற்கத்திய இசையில் டோரியன் எனப்படும் சுர வரிசை. கரகரப்பிரியாவின் ஏழு சுரங்களும் அவையே. நடுவில் சற்று நேரம் எல்லாமே அரைப்படி மேலேறி, மீண்டும் பழைய இடத்துக்கு இறங்கும். சுர வரிசை ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்றாகிவிடாது. ஆனால், டேவிஸ் தம் குழுவினரிடம் முழுதாக எழுதிய இசையைத் தராமல் சுர வரிசைகளையும் சில குறிப்புகளையும் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மனோதர்மம் என்று நாம் சொல்வதற்கு அது வெகு அருகில் இருக்கிறது.

இடக்கை

2014ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை அசையவில்லை. பேச்சு குழறியது. வெல்டிங் பிடித்த கை, வலந்தலையில் வாசித்த கை, மடியில் கிடந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர்களைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்று வாரம் எங்களிடமும் பேசவில்லை.

மருத்துவமனையில் காத்திருந்த நேரத்தில் புரூபெக்கைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க அரசாங்கம் 1958ல் அவருடைய குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. துருக்கி, இந்தியா, இலங்கை என்று நீண்ட பயணம். சென்னைக்கும் வந்திருக்கிறார்கள். அங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். அப்பா மேசையில் தட்டிய இசைத்தட்டு பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எடுத்ததுபோல் சொன்னார்: "பழனி... அவரு... இடக்கை."

உண்மைதான். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர். மற்றவர்கள் வலக்கையால் வாசிக்கும் வலந்தலையை இடக்கையால் வாசித்தவர். கைப்பேசியில் 'டேக் ஃபைவ்' போட்டேன். அப்பாவின் இடக்கை கட்டில் கம்பியைத் தேடிப் போனது. தகிட தக.

வீடு திரும்பியதும் மிருதங்கத்தை இறக்கச் சொன்னார். லிட்டில் இந்தியாவில் கொடுத்துத் தோல் மாற்றி, வார் இழுத்துக் கட்டி வாங்கி வந்தோம். வலந்தலை இடப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தோம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வலக்கை கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் உடற்பயிற்சிக்கு மறுப்பு சொல்வதை நிறுத்தினார். மாலை ஏழு மணிக்கு, கீறல் விழுந்த அதே இசைத்தட்டோடு ஒற்றைக் கையால் வாசிப்பார். மேல்மாடி வீட்டு மலாய்க்காரப் பாட்டி, சத்தம் கேட்காத நாளில் நலம் விசாரிப்பார். நான்கு ஆண்டுகள் அப்படி வாசித்தார். 2018ல் காலமானார். அவர் போவதற்கு முந்தைய ஆண்டு சுங்கை ரோடு சந்தையையும் மூடிவிட்டார்கள்.

நீங்களும் கேளுங்கள்

ஜாஸ் புரியாது என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு யோசனை. எம்ஆர்டி பயணத்தில் 'டேக் ஃபைவ்' கேளுங்கள். ஐந்து நிமிடம் இருபத்து நான்கு விநாடிதான். முதல் முறை ஐந்தை மட்டும் எண்ணுங்கள். அடுத்த முறை பியானோவை மட்டும் கேளுங்கள். பிறகு டிரம்ஸ். அடுத்த நாள் 'ஸோ வாட்' கேளுங்கள். வீட்டில் சங்கீதம் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரையும் கேட்கச் சொல்லுங்கள். நமக்குக் கேட்காதது அவர் காதுக்குக் கேட்கும்.

'டேக் ஃபைவ்' பாடலை அமைத்தவர் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். 1977ல் இறந்த அவர், அந்தப் பாடலின் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். இதைச் சொன்னபோது அம்மா, "நல்ல மனுசன்" என்றார்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, "அப்பா பாட்டைப் போடு" என்பார். போன வாரம் அவர் கையைக் கவனித்தேன். தொடையில் மூன்று, இரண்டு என்று விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு, மூணு இல்லையாம்மா?" என்றேன்.

"பியானோவைக் கேளு" என்றார்.