ஈசியூவை மாற்றியும் கார் ஏன் கிளம்பவில்லை?

எஞ்சினின் மூளையான ஈசியூ பழுதாகி, அதே பார்ட் நம்பரில் இன்னொன்றை மாட்டியும் கார் கிளம்ப மறுப்பது ஏன்? சாவிக்குள் இருக்கும் சிப்தான் காரணம். அதன் ரகசிய எண் பொருந்தினால்தான் ஈசியூ எரிபொருளைப் பீய்ச்ச விடும். புது ஈசியூ பெட்டிக்கு அந்தச் சாவி அந்நியம். பழைய பெட்டியின் நினைவகத்தை நகலெடுக்க வேண்டும்; அல்லது ஸ்கேனர் மூலம் சாவியைப் பதிய வேண்டும்.

ஆனால் ஈசியூ உண்மையிலேயே செத்துவிட்டதா? பல சென்சார்களுக்கு அதுதான் 5 வோல்ட் தருகிறது. ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த வோல்ட் சரிந்து, பெட்டியே போய்விட்டதுபோல் தோன்றும். சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, பழுது அந்தப் பக்கம்தான். எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் இதே தொல்லைதான். நல்ல ஈசியூவைத் தூக்கியெறிவது எனக்குப் பொறுக்காது. முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.