கேமராவின் கண்ணைக் காப்போம்!

இப்போது பெரும்பாலோர் மொபைல் போனிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், பள்ளிச் சுற்றுலா என்றால் பீரோவில் தூங்கும் டிஜிட்டல் கேமராவைத் தேடுவோம். எடுத்துப் பார்த்தால், லென்சுக்குள் வெள்ளை நூல் போல ஏதோ படர்ந்திருக்கும். துடைத்தாலும் போகாது. அதுதான் பூஞ்சை!

முதல் டிஜிட்டல் கேமராவை 1975ம் ஆண்டு, அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். எடை ஏறக்குறைய 3.6 கிலோ! ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆனது. இன்றைய கேமரா உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. அதைப் பாதுகாப்பது எப்படி?

பூஞ்சை ஏன் வருகிறது?

ஈரம், இருட்டு, காற்றோட்டம் இல்லாமை - இவை மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விட்டுவிட்டால், லென்சின் மேலுள்ள மெல்லிய பூச்சையே அரித்துவிடும். தோல் உறை ஈரத்தை இழுக்கும். எனவே, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் கேமராவை வையுங்கள். அந்தப் பை தம்பி, தங்கை கைக்கு எட்டக் கூடாது. தின்னும் பொருள் அல்ல! மாதம் இருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

துடைக்கும் முறை

* முதலில் கேமராவை அணைத்துவிடுங்கள்.

* ரப்பர் பந்து ஊதியால் தூசியை ஊதி அகற்றுங்கள். மணல் துகளோடு துடைத்தால் லென்சில் கீறல் விழும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

* பிறகு, லென்சுக்கென்றே உள்ள மென்மையான துணியால், நடுவிலிருந்து ஓரம் நோக்கி வட்டமாகத் துடையுங்கள். சட்டை நுனி, ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம்.

வெளியே செல்லும்போது...

பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி. அறையிலிருந்து வெயிலுக்கு வரும் கேமராவும் அப்படியே வியர்க்கும். ஆகவே, அறையை விட்டுக் கிளம்பும் முன், பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம். கடற்கரையில் மணலும் உப்புக் காற்றும் எதிரிகள். படம் எடுத்ததும் பைக்குள் வையுங்கள். கைப்பட்டையை மாட்டாமல் கேமராவைத் தொடாதீர்கள். சூரியனை நேராகப் படம் பிடிக்கவும் வேண்டாம், சென்சார் பழுதாகலாம்.

பேட்டரியும் கார்டும்

பதிவு விளக்கு மின்னும்போது மெமரி கார்டை உருவாதீர்கள். எடுத்த படங்கள் அழிந்து போகலாம். நாள்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்காமல், குத்தாமல், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

எச்சரிக்கை!

பழுதான கேமராவை, 'உள்ளே என்னதான் இருக்கிறது?' என்று திருப்புளியால் திறக்கவே கூடாது. பிளாஷ் விளக்குக்கான கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே போய்விடாது. தொட்டால் பலமாக 'ஷாக்' அடிக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

கேமரா கெட்டால் வேறு வாங்கலாம். அதிலிருக்கும் தாத்தா, பாட்டியின் சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவது? படங்களை இன்றே கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், செல்லங்களே!